தடிமனான சூட் போட்டால் போதுமா?

அந்தமானிலும் மாலத்தீவிலும் சேர்த்து 60 டைவ் முடித்திருக்கிறீர்கள், அட்வான்ஸ்டு கார்டு கையில் இருக்கிறது, வேலைக்காக இரண்டு வருடம் பின்லாந்து வரப்போகிறீர்கள். வந்த இடத்தில் ஐஸ் டைவிங்கும் குளிர்நீர்க் குகையும் பார்த்துவிட ஆசை. வெதுவெதுப்பான தண்ணீரில் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், குளிர்தானே, தடிமனான சூட் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஏன் போதாது என்பதை நாலு வரியில் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் உட்கார்ந்தே எழுதுகிறேன். நானும் உங்களைப் போல அந்தமானின் ஹேவ்லாக் தீவில் 29 டிகிரி தண்ணீரில் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன்தான். முதல் தடவை இங்குள்ள ஏரியில் இறங்கும்போது நானும் அதையேதான் நினைத்தேன்: குளிர் ஒரு தொந்தரவு, பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்தது.

நீங்கள் செய்த 60 டைவிலும் உங்களுக்கே தெரியாமல் ஒரு வசதி கூடவே இருந்தது. மாஸ்க் கழன்றாலும், காற்று தீர்ந்தாலும், காரணமே இல்லாமல் மனசு படபடத்தாலும், மேலே போய்விடலாம். 18 மீட்டரிலிருந்து நிமிடத்துக்கு 9 மீட்டர் என்று நிதானமாக ஏறினாலும் இரண்டே நிமிடம், தலை வெளியே வந்துவிடும், படகுக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். குகையிலும் ஐஸுக்கு அடியிலும் அது கிடையாது. தலைக்கு மேலே பாறை, இல்லாவிட்டால் இரண்டடி கனத்துக்கு உறைந்த தண்ணீர். எந்த வழியாக உள்ளே போனீர்களோ அதே வழியாகத்தான், போன தூரம் முழுவதையும் திரும்ப நீந்தித்தான் வெளியே வரவேண்டும், அது எத்தனை நிமிடம் என்பதை உள்ளே போகும்போதே நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். குளிர் என்ன செய்கிறது என்றால், அந்தத் திரும்பும் வழிக்கு உங்களுக்குத் தேவைப்படுகிற சாமான்களில் கைவைக்கிறது. முதலில் விரலில், அப்புறம் காற்றில், ரொம்ப நேரமானால் புத்தியில். சூட் இதில் கொஞ்சத்தைத்தான் தடுக்கும்.

விரலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 4 டிகிரி தண்ணீரில் உடம்பு முதலில் செய்வது கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பது, நடுவே இருக்கிற இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற. உடம்பைப் பொறுத்தவரை நல்ல முடிவுதான், ஆனால் டைவிங்கில் எல்லா வேலையையும் விரல்தானே செய்கிறது. ஹெல்சின்கியிலிருந்து மேற்கே லோஹ்யா ஊரில் ஓயமோ என்று ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது, மூடியபிறகு தண்ணீர் நிறைந்துவிட்டது, இங்குள்ள குகை டைவர்கள் பாதிப்பேர் அங்கே பழகியவர்கள்தான். கீழே வருடம் முழுவதும் 4 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு டைவில் என் இடது கை டிரை கிளவ்வில், அதாவது தண்ணீர் புகாத கையுறையில், கட்டைவிரல் பக்கம் ஊசிமுனை அளவு ஓட்டை. 15 நிமிடம் வரை ஈரமாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. 20-ஆவது நிமிடத்தில் மார்பில் மாட்டியிருந்த மாற்று டார்ச்சைக் கழற்றப் போனேன், கொக்கியைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கையைப் பார்க்கிறேன், விரல் கொக்கிமேல்தான் இருக்கிறது, ஆனால் அது யாருடைய விரலோ மாதிரி இருக்கிறது. கூட வந்தவர் கழற்றிக் கொடுத்தார், இரண்டுபேரும் திரும்பிவிட்டோம். ஒன்றும் நடக்கவில்லை, கதையாகச் சொல்லக்கூட லாயக்கில்லாத டைவ். ஆனால் அந்த நேரத்தில் கொக்கிக்குப் பதிலாக முதுகுக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் வால்வை மூடவேண்டி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். அந்தமானில் கையுறையே போட்டதில்லை. பவளத்தைத் தொடுவீர்கள் என்று போடவே விடமாட்டார்கள்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்து வாய்க்குக் கொடுக்கும் ரெகுலேட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வெந்நீர் டைவர்களுக்கு இது சுத்தமாகத் தெரியாத ஒன்று. சைக்கிள் டயரின் வால்வை அமுக்கினால் வெளியே வரும் காற்று ஜில்லென்று இருக்கும் இல்லையா, அழுத்தம் திடீரென்று குறையும்போது காற்று குளிரும். உங்கள் சிலிண்டரில் 200 பார் அழுத்தம், ரெகுலேட்டரின் முதல் கட்டத்தை, அதாவது சிலிண்டர் வாயில் மாட்டும் பித்தளைக் கட்டையைத் தாண்டியதும் அது சுற்றியுள்ள அழுத்தத்தைவிட ஒரு 10 பார்தான் அதிகம். நீங்கள் மூச்சிழுக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தச் சரிவு நடக்கிறது, அந்தப் பித்தளைக் கட்டை குளிர்ந்துகொண்டே போகிறது. 28 டிகிரி கடலில் சுற்றியிருக்கும் தண்ணீர் அதை உடனுக்குடன் சூடாக்கிவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. 4 டிகிரி ஏரியில் தண்ணீரிடம் கொடுப்பதற்கு மிச்சச் சூடு கிடையாது, கட்டையின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது, சுருளைச் சுற்றியுள்ள தண்ணீர் உறைந்து வால்வைத் திறந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. வாயில் இருக்கும் இரண்டாம் கட்டத்தில் வேறு மாதிரி: உங்கள் மூச்சின் ஈரமே உள்ளே நெம்புகோலில் படிந்து உறைகிறது. எப்படி உறைந்தாலும் விளைவு ஒன்றுதான், காற்று நிற்காமல் கொட்டும். இதில் கொடுமை என்னவென்றால், கொட்டக் கொட்டக் கட்டை இன்னும் குளிரும், குளிரக் குளிர இன்னும் இறுகும். தானாக நிற்காது. சிலிண்டர் வால்வை மூடினால்தான் நிற்கும், மூடினால் அந்த ரெகுலேட்டரில் காற்று கிடையாது. அதனால்தான் இங்கே ஒரே முதல் கட்டத்தில் இரண்டு வாய்க்கட்டை தொங்கவிடும் உங்கள் வழக்கமான அமைப்பு செல்லாது. தனித்தனி வால்வு, தனித்தனி முதல் கட்டம், இரண்டு வேண்டும். தண்ணீர் உள்ளே புகாதபடி மூடிய முதல் கட்டமாகவும் இருக்கவேண்டும். ஐரோப்பியத் தரவிதியில் 10 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரே குளிர்நீர்க் கணக்கில் வந்துவிடும், அதற்கென்று தனிச் சோதனை இருக்கிறது, வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு இது நடந்தது, முழுக்க என் தப்பு. வெளியே மைனஸ் 15. ஐஸில் வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஹேவ்லாக்கில் படகில் செய்கிற மாதிரியே, ரெகுலேட்டரை வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்துப் பார்த்தேன். அங்கே அது நல்ல பழக்கம். இங்கே என் மூச்சின் ஈரம் மைனஸ் 15 உலோகத்தில் அங்கேயே உறைந்துவிட்டது. 6 மீட்டரில் முகம் முழுக்கக் குமிழ், ஒன்றும் தெரியவில்லை, அந்தச் சத்தம் இருக்கிறதே, அது தனி. உடம்பில் கட்டியிருந்த கயிற்றை நாலைந்து தடவை வெடுக்வெடுக்கென்று இழுத்தேன், மாற்று ரெகுலேட்டருக்கு மாறினேன், மேலே இருந்தவர் இழுத்துவிட்டார். ஓட்டை தலைக்கு நேர் மேலே இருந்ததால் பிழைத்தேன் என்றெல்லாம் பெரிதாகச் சொல்லமாட்டேன், ஆனால் 40 மீட்டர் தள்ளி இருந்திருந்தால் வேறு கதை. இங்கே வாய் தண்ணீருக்குள் போனபிறகுதான் முதல் மூச்சு. காற்றைப் பீய்ச்சிவிடும் பர்ஜ் பட்டனை அமுக்கக்கூடாது. மூச்சிழுக்கும் அதே நொடியில் சூட்டுக்குள் காற்று விடக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் ஓட்டம் அதிகம், ஓட்டம் அதிகமானால் உறையும்.

அடுத்து காற்றுக் கணக்கு. 12 லிட்டர் சிலிண்டர், 200 பார், மொத்தம் 2400 லிட்டர். மாலத்தீவில் நீங்கள் நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுக்கிறீர்கள் என்று வைப்போம், 20 மீட்டரில் அழுத்தம் 3 மடங்கு, ஆக 45 லிட்டர். 50 பார் மிச்சம் வைத்துவிட்டு மீதி 1800 லிட்டரில் 40 நிமிடம் தாராளமாகச் சுற்றலாம். இப்போது குளிர்நீர். உடம்பு சூட்டைக் காப்பாற்ற வேலை செய்கிறது, மேலே கனமான சூட், இழுவை அதிகம், முகத்தில் குளிர் அறைகிறது, கொஞ்சம் பயமும் உண்டு. 22 லிட்டர் என்று வைத்தால் அதே ஆழத்தில் 66. குகைக்குள் மூன்றில் ஒரு பங்கு விதி: ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு உங்களுக்கோ கூட வருபவருக்கோ ஏதாவது ஆனால். மூன்றில் ஒரு பங்கு 800 லிட்டர். 800-ஐ 66-ஆல் வகுத்தால் 12 நிமிடம். அவ்வளவுதான். 12 நிமிடத்தில் திரும்பியாக வேண்டும். அதே சிலிண்டர், அதே ஆள், 40 நிமிடம் போக 12, வர 12 என்று 24 ஆகிவிட்டது. ஒற்றைச் சிலிண்டரோடு குகைக்குள் யாரும் போவதில்லை என்பது வேறு விஷயம், கணக்கு எப்படிச் சுருங்குகிறது என்று காட்டத்தான் சொன்னேன்.

சூட்டுக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதே அதைத்தானே. வெட் சூட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போகமுடியாது. நியோப்ரீன் என்பது குமிழ்கள் நிறைந்த ரப்பர், ஆழத்தில் குமிழ் நசுங்கும், மேலே 7 மில்லிமீட்டராக இருந்தது கீழே கணிசமாக மெலிந்துவிடும், குளிர் அதிகம் இருக்கும் இடத்தில் பாதுகாப்பு குறைவு. அதனால் டிரை சூட். உடம்பில் தண்ணீரே படாது, உள்ளே தடித்த உள்ளுடை, அதற்குள் காற்று. வசதியான சாமான், ஆனால் இனி நீங்கள் இரண்டு பலூன்களை ஓட்டவேண்டும், ஒன்று பி.சி.டி. என்கிற மிதப்பு ஜாக்கெட், இன்னொன்று நீங்களே. அந்தமானில் 4 கிலோ ஈயம் போதுமாக இருந்தவருக்கு இங்கே 12 கிலோ கேட்கும். தலைகீழாகச் சாய்ந்தால் காற்று காலுக்குப் போய்விடும், கால் மேலே தூக்கிக்கொள்ளும், வால்வு தோளில் இருப்பதால் காற்றை வெளியேற்றவும் முடியாது. திறந்த கடலில் இது ஆபத்தான வேகத்தில் மேலே வருவது. ஐஸுக்கு அடியில் இது பல்லி மாதிரிக் கூரையில் ஒட்டிக்கொள்வது. குகையில் கூரையில் மோதிக் கல்லும் சேறும் உங்கள்மேலேயே கொட்டுவது. டிரை சூட்டைச் சாதாரண ஏரியில் முழுசாகப் பழகாமல் கூரைக்கு அடியில் போகவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. ஐஸ் டைவிங், குகை டைவிங் இரண்டையும் நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. இரண்டிலும் கயிறு இருக்கிறது, ஆனால் நேரெதிராக இருக்கிறது.

ஐஸில் கயிறு உங்கள் உடம்பில் கட்டியிருக்கும். பி.சி.டி.க்கு அடியில் தனியாக ஒரு பட்டை போட்டு, அதில் பூட்டு மாட்டி, மறுமுனை மேலே ஒருவர் கையில். அவர் வேறெந்த வேலையும் பார்க்கமாட்டார், செல்போனைத் தொடமாட்டார், கயிறு தளராமல் இறுகாமல் கையில் உணர்ந்துகொண்டே நிற்பார். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு என்று பேச்செல்லாம் கயிற்றில்தான். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் சொல்வதுண்டு, கூடப்பிறந்தவள் தாலி அதில் இருக்கிறதே, அசரமாட்டான் என்று. அந்த வேலைதான் இது. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு டைவர் முழு உடையில், இறங்கத் தயாராக உட்கார்ந்திருப்பார். ஓட்டையைப் பெரும்பாலும் முக்கோணமாக அறுப்பார்கள், மூன்றே வெட்டில் முடியும், மூலையில் இரண்டு பக்கமும் முழங்கையை ஊன்றி ஏறவும் வசதி. ஐஸ்மேல் இருக்கும் பனியை ஓட்டையிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வழித்துவிடுவார்கள், கீழேயிருந்து பார்த்தால் வெளிச்சக் கோடுகள் எல்லாம் ஓட்டையை நோக்கிப் போகும். சரி, கயிறு அறுந்துவிட்டால்? தேடிக்கொண்டு நீந்தக்கூடாது. ஐஸின் அடிப்பக்கத்துக்கு ஏறி, நெட்டாக நின்றபடி அசையாமல் காத்திருக்கவேண்டும். தயாராக இருந்த டைவர் உங்கள் கயிற்றைவிட நீளமான கயிற்றோடு இறங்கி, நீங்கள் இருக்கக்கூடிய தூரத்தைத் தாண்டிப் போய் வட்டமடிப்பார், அந்தக் கயிறு சுற்றிவந்து உங்கள்மேல் தட்டும். படுத்தவாக்கில் இருந்தால் கயிறு உங்களைத் தாண்டிப் போய்விடலாம், அதற்குத்தான் நெட்டாக நிற்பது. கேட்க எளிதாக இருக்கும். 0 டிகிரி தண்ணீரில் ஒன்றும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றால்தான் தெரியும்.

குகையில் யாரும் உங்களைக் கட்டமாட்டார்கள். கட்டினால் முதல் வளைவிலேயே கயிறு பாறையில் சிக்கும். அங்கே கயிறு பாறையில் கட்டப்பட்டிருக்கும், வெளித் தண்ணீரிலிருந்து உள்ளே வரை அறுபடாமல், நீங்கள் அதன் பக்கத்தில் நீந்துகிறீர்கள், கண் தெரியாமல் போனால் விரல்களால் வளையம் போட்டு அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறீர்கள். மேலே யாரும் இழுக்கமாட்டார்கள். லைன் என்கிற அந்தக் கயிற்றில் அங்கங்கே முக்கோணமாகப் பிளாஸ்டிக் அம்பு மாட்டியிருக்கும், கூர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் வெளியேறும் வழி. சேறு கிளம்பிப் பார்வை பூஜ்யமானால் அந்த அம்பைக் கண்ணால் பார்க்கமுடியாது, தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோவின் வெதுவெதுப்பான குகையில் வெறுங்கையால் தடவினால் ஒரு நொடி. மரத்துப்போன கையில் தடித்த கையுறையோடு தடவிப் பாருங்கள். குளிர்நீர்க் குகை ஏன் தனிப் பிரிவு என்று எனக்குப் புரிந்தது இந்தப் பயிற்சியில்தான், மாஸ்க்கைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு அம்பைத் தேடச் சொன்னபோது. மூன்று தடவை தடவினேன், மூன்றாவது தடவையும் எந்தப் பக்கம் கூர் என்று சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் வெதுவெதுப்பான குகை பத்திரம் என்று இதிலிருந்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். குகை டைவிங்கின் விதிகளில் பெரும்பாலானவை எழுதப்பட்டதே ஃபுளோரிடாவில், 22 டிகிரி ஊற்றுகளில் செத்தவர்களை வைத்துத்தான். ஷெக் எக்ஸ்லி என்பவர் 1970-களில் அந்த விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார், திரும்பத் திரும்ப வந்தது இதுதான்: வெளிவரை லைன் போடவில்லை, காற்றில் பங்கு ஒதுக்கவில்லை, அளவுக்கு மீறிய ஆழம். அப்புறம் பயிற்சியின்மையும் விளக்குக் குறைவும் சேர்ந்தன, ஆளுக்கு மூன்று விளக்கு என்பது அப்படித்தான் வந்தது. அவரே 1994-இல் மெக்சிகோவின் சகட்டோன் பள்ளத்தில் ஆழச் சாதனை முயற்சியில் இறந்துபோனார். இப்போதும் ஃபுளோரிடா, மெக்சிகோ குகை வாசல்களில் தண்ணீருக்குள்ளேயே மண்டையோட்டு உருவம் போட்ட பலகை நிற்கும், இதேபோன்ற குகைகளில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள், டைவிங் ஆசிரியர்களும் அதில் அடக்கம், இதற்கு மேல் போகாதே என்று. அந்த 'ஆசிரியர்களும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தண்ணீர் சுகமாக இருக்கிறது, பளிங்கு மாதிரித் தெரிகிறது, நமக்குத்தான் இவ்வளவு அனுபவம் இருக்கிறதே என்று இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று போய்விடுவார்கள். குளிர்நீர் இந்த ஒரு விஷயத்தில் நல்லது, வாசலிலேயே மிரட்டிவிடும்.

மெக்சிகோவின் யுகட்டான் குகைகளில் 24, 25 டிகிரி, கண்ணாடித் தண்ணீர், கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் காய்ந்த குகையாக இருந்தபோது உருவான சுண்ணாம்புத் தூண்கள், கீழே உப்புத்தண்ணீரும் மேலே நல்ல தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் எல்லாம் கலங்கி எண்ணெய் மாதிரித் தெரியும் அந்த ஒரு படலம். 2018-இல் இரண்டு குகைகள் இணைவதைக் கண்டுபிடித்தபோது அங்குள்ள சாக் ஆக்டுன் குகை மொத்தம் 347 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். அங்கேயே இரண்டு மூன்று மணிநேர டைவுக்கு டிரை சூட் போடுபவர்கள் உண்டு, 25 டிகிரியும் மெதுவாக உறிஞ்சிவிடும். நேரம்தான் குளிரின் பாதி.

2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 பையன்களும் பயிற்சியாளரும் சிக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர்களைக் காணாமல்போன ஒன்பதாம் நாள், ஜூலை 2-இல், கண்டுபிடித்த ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலாந்தனும் பிரிட்டிஷ் குகை டைவர்கள். வெப்பநாட்டுக் குகைக்குக் குளிர்நாட்டு ஆட்கள் ஏன்? பிரிட்டனில் குகைக்குள் நடந்து, தவழ்ந்து, தண்ணீர் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் முங்கி அந்தப் பக்கம் போவதற்காகவே டைவிங் பழகியவர்கள் இவர்கள், 1935-இல் சாமர்செட்டின் வூக்கி ஹோலில் ஆரம்பித்த மரபு. காபி நிறத் தண்ணீர், இடுக்கு, பக்கத்தில் யாரும் இல்லை, குளிர், இதெல்லாம் அவர்களுக்கு வாரக்கடைசி. தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான் சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும்போது ஜூலை 6-இல் இறந்தார், உடல்வலுவில் அவருக்குக் குறைவே கிடையாது. கடலில் இறங்குபவரின் பயிற்சியும் குகைக்காரரின் பயிற்சியும் வேறு வேறு.

டிகம்ப்ரஷனில், அதாவது உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக வழியில் நின்று நின்று மேலே வருவதில், குளிர் செய்வதைப் பலரும் கவனிப்பதில்லை. கீழே வேலை செய்துகொண்டு சூடாக இருக்கும்போது ரத்தம் நன்றாக ஓடி நைட்ரஜனை உடம்பில் சேர்க்கிறது. அப்புறம் மேலே 6 மீட்டரில் அசையாமல் தொங்கும்போது குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைகிறது, சேர்ந்தது வெளியே போகவேண்டிய நேரத்தில் கதவு சாத்திக்கொள்கிறது. அமெரிக்கக் கடற்படை 2007-இல் வெளியிட்ட சோதனையில் கீழே சூடு, மேலே குளிர் என்ற வரிசைதான் மோசமானது என்று தெரிந்தது, இத்தனைக்கும் அவர்கள் குளிர் என்று வைத்தது 27 டிகிரி, சூடு 36. நாம் பேசுவது 4 டிகிரி. இதனால்தான் ஆழமாகப் போகிறவர்கள் மின்சாரத்தில் சூடாகும் உள்ளுடை போடுகிறார்கள், அதன் பேட்டரி பாதி வழியில் செத்தால் நிலைமை இரட்டிப்பாக மோசம். நார்வேயின் புளூரா குகையில் 2014 பிப்ரவரியில் பின்லாந்துக்காரர்கள் இருவர் 100 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் இறந்தார்கள். இறந்ததைக் கண்ணால் பார்த்த நண்பர்கள் உடனே மேலே வர வழியில்லை, குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்கில் டிகம்ப்ரஷன் செய்துதான் வந்தார்கள். அதிகாரபூர்வ மீட்பு ஆபத்து என்று கைவிடப்பட்டபிறகு அடுத்த மாதமே நண்பர்கள் போய் உடல்களை எடுத்துவந்தார்கள். இங்குள்ள டைவர்கள் இதைப் பற்றிக் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள், நீங்களும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் போகிறோம் என்றால், அந்தத் தண்ணீருக்காகத்தான். ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவில் பனியாற்று நீர் எரிமலைப் பாறை வழியே பல பத்தாண்டுகள் வடிகட்டி வருகிறது, 2 முதல் 4 டிகிரி, 100 மீட்டர் தூரம் தெரியும், முதலில் பார்ப்பவருக்குத் தலைசுற்றும், மிதக்கிறோமா விழுகிறோமா என்று. ரஷ்யாவில் பெர்ம் பக்கம் ஓர்தா குகை, சுவரெல்லாம் வெள்ளை ஜிப்சம், சுமார் 5 கிலோமீட்டர், 5 டிகிரி, விளக்கைப் போட்டால் மண்டபம் முழுக்கத் தெரியும், வெளியே வந்தால் மைனஸ் 30. பைக்கால் ஏரியில் மார்ச் மாதம் ஒரு மீட்டர் கனத்துக்கு ஐஸ், அதுவும் கண்ணாடி. அண்டார்டிகாவின் மக்மர்டோவில் கடல்நீர் மைனஸ் 1.8, உப்பு இருப்பதால் உறையாமல் நிற்கிறது. எனக்குப் பிடித்தது பக்கத்து ஏரிதான். ஐஸுக்கு அடியில் நம் குமிழ்கள் பாதரசம் மாதிரி கூரையில் ஓடி ஒன்றுசேரும், தலைகீழாகத் திரும்பிப் படுத்துப் பார்த்தால் அது தரை மாதிரி இருக்கும். அங்கே ஒரு வேடிக்கையும் உண்டு: நன்னீர் 4 டிகிரியில்தான் அதிக கனம், அதனால் ஐஸை ஒட்டி 0, கீழே போகப்போக 4. ஆழம் போனால் குளிரும் என்று பழகிய நமக்கு, குளிருகிறதே என்று கீழே போவது விசித்திரம்தான்.

ஒன்று மட்டும் இந்த ஊர்க்காரர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம், வெந்நீர் டைவர் என்றால் இளக்காரம். மாலத்தீவின் கால்வாய்களில் நீரோட்டத்தில் கொக்கி மாட்டித் தொங்கியிருக்கிறீர்கள், அது இவர்களில் பலருக்குத் தெரியாது. ஏரியில் நூற்றுக்கணக்கில் இறங்கிய நண்பர் ஒருவர் அங்கே போய் முதல்நாளே காற்றை முக்கால்மணி நேரத்துக்குப் பதில் 20 நிமிடத்தில் முடித்துவிட்டு வந்தார். உங்கள் மிதப்புக் கட்டுப்பாடு, அமைதியான மூச்சு, இதெல்லாம் இங்கே அப்படியே செல்லுபடியாகும்.

ஆக, எங்கே தொடங்குவது? கோடை முடிவில் வந்தால் நல்லது. ஆகஸ்டிலேயே ஏரி மேலே 18 டிகிரி, 10 மீட்டருக்குக் கீழே 6, 7 என்று இருக்கும், டிரை சூட்டைப் பழக அதைவிட நல்ல இடமில்லை. ஒரு 25, 30 டைவ் அதிலேயே செய்யுங்கள், வால்வு மூடித் திறப்பதைக் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு வரும்வரை. ஐஸ் அந்தக் குளிர்காலமே கிடைக்கும். குகையை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் குகைப் பயிற்சியை முடிந்தால் மெக்சிகோவில் எடுங்கள், லைனையும் இருட்டையும் கதகதப்பாகக் கற்றுக்கொண்டுவிட்டு அப்புறம் சுரங்கத்துக்கு வாருங்கள், இரண்டையும் சேர்த்துக் கற்பது வீண் கஷ்டம். டைவ் முடிந்ததும் சானா என்கிற சூடான வியர்வைக் குளியல் அறைக்குக் கூப்பிடுவார்கள், உடனே போகாதீர்கள், உடம்பில் நைட்ரஜன் இருக்கும்போது அந்தச் சூடு நல்லதில்லை, சாவகாசமாகப் போகலாம்.

முதல் ஐஸ் நாளில் உங்களை அநேகமாக இறக்கமாட்டார்கள், கயிறு பிடிக்கத்தான் நிறுத்துவார்கள். அதனால் ரெகுலேட்டருக்கு முன்னால் நல்ல பூட்ஸ் வாங்குங்கள், இரண்டு அளவு பெரிதாக, உள்ளே கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போகிற மாதிரி. கீழே போனவனைவிட மேலே நிற்பவனுக்குத்தான் கால் விறைக்கும்.